ராத்திரி கஞ்சா, காலையில் மெஷின்: எத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும்?

கேள்வி: தம்பிக்கு 23 வயது. ராணிப்பேட்டை டேனரி ஒன்றில், தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டி எடுக்கும் பிளெஷிங் மெஷினில் நிற்கிறான். வேலை முடிந்ததும் நண்பர்களோடு கஞ்சா புகைத்துவிட்டு ஹைவேயில் பைக் ஓட்டிக்கொண்டு சத்துவாச்சாரிக்கு வருகிறான். கேட்டால், "குடிகாரன் மாதிரி தள்ளாடுறேனா? மெதுவாத்தானே ஓட்டறேன்" என்கிறான். எவ்வளவு நேரம் கழித்து வண்டியையும் மெஷினையும் தொடலாம்?

பதில்: மெதுவாக ஓட்டுகிறான் என்பது உண்மையாகவே இருக்கும். குடித்தவர் வேகம் கூட்டுவார். கஞ்சா போட்டவர் தன் நிலை தெரிந்து குறைத்துக்கொள்வார். ஆனால் வண்டி தன் லேனுக்குள்ளேயே இடமும் வலமுமாக அலையும். லாரி திடீரென்று பிரேக் போட்டாலோ, நாய் குறுக்கே வந்தாலோ அந்த நிதானம் கைகொடுக்காது. 60 கி.மீ. வேகத்தில் அரை நொடி தாமதித்தால் வண்டி 8 மீட்டருக்கு மேல் போய்விடும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, மூளையில் சிபி-1 என்ற ஏற்பிகளில் (நரம்பு செல்கள் செய்தி வாங்கும் இடங்களில்) போய் ஒட்டுகிறது. இவை நெருக்கமாக இருக்கும் இடங்களில் இரண்டு, அசைவுக்கே உரியவை: அசைவின் அளவையும் நேரத்தையும் திருத்தும் சிறுமூளை, அசைவைத் தொடங்கி நிறுத்தும் அடித்தள முடிச்சுகள். அங்கே நரம்புகள் அனுப்பும் செய்தி மங்கிவிடுகிறது. நேர உணர்வும் பிசகும். பிளெஷிங் மெஷினில் தோலை ரோலர்மேல் பரப்பி, சுருக்கம் நீவி, கையை எடுத்த பிறகுதான் ரோலர் மூட வேண்டும். 'எடுத்துவிட்டோம்' என்று மனம் சொல்லும்போது விரல் இன்னும் அங்கேயே இருந்தால்? பைக்கைவிட எனக்கு இந்த மெஷின்தான் அதிகக் கவலை.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறி, அரை மணிக்குள் உச்சம் தொடும். தடுமாற்றம் 3 முதல் 6 மணி நேரம் நிற்கும். பைக்குக்குக் குறைந்தது 6 மணி நேரம். மெஷினுக்கு 24 மணி நேரம் என்பது என் கணக்கு, தூக்கக் கலக்கத்தையும் சேர்த்து. பாங்கு (கஞ்சா இலை அரைத்த பானம்), கஞ்சா சாக்லேட் என்றால் கதை வேறு: ஏறவே அரை மணி முதல் ஒன்றரை மணி ஆகும். 'ஒன்றும் ஏறலையே' என்று இன்னொன்று சாப்பிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். தடுமாற்றம் 8 மணி நேரமும் தாண்டும். கூடவே பீரும் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

தடுமாற்றம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். குதிகாலும் கால்விரலும் ஒட்ட, நேர்கோட்டில் 10 அடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி 30 நொடி நிற்கட்டும். விழுந்தால் பிடிக்கப் பக்கத்திலேயே இருங்கள். கால் கோட்டை விட்டு விலகினாலோ, உடம்பு ஆடினாலோ சாவியை வாங்கி வையுங்கள். ஆடாமல் நின்றான் என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். நிற்பது வேறு, திடீரென்று பிரேக் போடுவது வேறு.

கஞ்சா தொட்டு ஒரு நாள் கழிந்தும் நடை தள்ளாடினால் பழியைக் கஞ்சாமேல் மட்டும் போடாதீர்கள். மது, வலிப்பு மாத்திரை, காதுக் கோளாறு எதுவும் காரணமாகலாம். முகம் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தால் உடனே 108.

தினமும் புகைத்தவருக்கும் நிறுத்தினால், குறைந்துபோன சிபி-1 ஏற்பிகள் ஏறக்குறைய 4 வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். நிறுத்த உதவி வேண்டுமென்றால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். நிறுத்திய முதல் வாரம்தான் கடினம்: தூக்கம் வராது, எரிச்சல், வியர்வை, சிலருக்குக் கை நடுக்கம். அந்த ஒரு வாரம் மேஸ்திரியிடம் சொல்லி, தோலை எண்ணி அடுக்கும் வேலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, உடம்பு சரியில்லை என்றால் போதும்.