ஹோட்டல் உறுப்பினர் அட்டை: வாசகர் கேள்வி – பதில்

நட்சத்திர ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டங்கள் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகன் ஒரு பன்னாட்டு ஹோட்டல் குழுமத்தின் திட்டத்தில் கோல்டு நிலை உறுப்பினர். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக எனக்கும் என் மனைவிக்கும் கிண்டியில் அவனே அறை பதிவு செய்து பணமும் கட்டினான். ஆனால் பிற்பகல் 2 மணி வரை அறையில் இருக்கும் சலுகையை ரிசப்ஷனில் மறுத்துவிட்டார்கள். இது சரியா? – வாசகர், வேளச்சேரி

பதில்: மனத்தாங்கல் புரிகிறது, ஆனால் விதிப்படி அவர்கள் செய்தது சரியே. உறுப்பினர் நிலை குடும்ப அட்டையைப் போல வீட்டார் அனைவருக்கும் பொதுவானதன்று. ஓட்டுநர் உரிமத்தைப் போல ஒருவர் பெயரில் மட்டுமே செல்லும். உறுப்பினர் நேரில் வந்து தங்க வேண்டும், பில்லையும் அவரே கட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் புள்ளிகளும் (செலவுக்கேற்ப உறுப்பினர் கணக்கில் சேர்பவை, பின்னர் இலவச இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்) சலுகைகளும் கிடைக்கும். மகன் பணம் கட்டினாலும் அறையில் தங்கியவர்கள் நீங்கள் இருவரும் என்பதால், ஹோட்டலின் கணக்கில் நீங்கள் உறுப்பினர் அல்லாத விருந்தினர்களே.

திருமணத்துக்கு மகனும் வந்து அதே ஹோட்டலில் தங்கினால் நிலைமை வேறு. அவரே பணம் கட்டும் மூன்று அறைகள் வரை புள்ளி சேர்க்கப் பல திட்டங்கள் அனுமதிக்கின்றன. ஆயினும் தாமதச் செக்-அவுட், லவுஞ்ச் எனப்படும் தனிக் கூடம், காலை உணவு போன்ற மேல்நிலைச் சலுகைகள் பொதுவாக அவர் தங்கும் அறைக்கு மட்டுமே உரியவை. அவற்றிலும் தாமதச் செக்-அவுட் பல நிலைகளில் ‘அறை காலியாக இருந்தால்’ என்ற நிபந்தனையோடுதான் வரும். முகூர்த்த நாளில் சென்னை ஹோட்டல்களில் அறை காலியாக இருப்பது அரிது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகன் வர இயலாதபோது அவர் உங்களுக்கு உண்மையாகவே தரக்கூடியது தம் நிலையை அன்று, தம் புள்ளிகளை. புள்ளிகளைக் கொண்டு இலவச இரவு பதிவு செய்யும்போது தங்குபவர் பெயராக உங்கள் பெயரைக் கொடுக்கப் பெரும்பாலான குழுமங்கள் இடமளிக்கின்றன. புள்ளிகளையே உங்கள் கணக்குக்கு மாற்றவும் வழி உண்டு: மாரியட் குழுமத்தின் பான்வாய் திட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு லட்சம் புள்ளிகள் வரை மற்றோர் உறுப்பினருக்குக் கட்டணமின்றி மாற்றிக் கொடுக்கலாம். நீங்களும் இலவசமாக உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் இது எளிதாக நடக்கும்.

கேள்வி: பயணச் செயலி ஒன்றில் மலிவாகக் கிடைத்ததென்று அறை பதிவு செய்து, செக்-இன் செய்யும்போது உறுப்பினர் எண்ணையும் கொடுத்தேன். ஒரு புள்ளிகூட ஏறவில்லையே? – வாசகி, நங்கநல்லூர்

பதில்: ஏறாது. ஹோட்டலின் சொந்த இணையதளம், செயலி, தொலைபேசி, அல்லது உங்கள் அலுவலகம் அந்த ஹோட்டலோடு பேசி வைத்துள்ள நிறுவனக் கட்டணம் ஆகிய வழிகளில் பதிவு செய்யும் தங்கலுக்கே அறை வாடகையின்மீது புள்ளி உண்டு. பயணச் செயலிகளுக்கு ஹோட்டல் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால் அந்த வாடிக்கையாளருக்கு மேற்கொண்டு புள்ளியும் கொடுக்க அது விரும்புவதில்லை. இத்திட்டங்கள் தொடங்கிய காலத்தில் இந்தக் கணக்கே இல்லை: 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்குப் பறந்த தூரத்தைச் சேர்த்துச் சலுகை தரும் மைல் கணக்கு தொடங்கியதைப் பார்த்து, 1983-இல் ஹாலிடே இன்னும் மாரியட்டும் அதை ஹோட்டலுக்குக் கொண்டுவந்தன. செயலிகள் பெருகிய பிறகு, வாடிக்கையாளரைத் தம்மிடமே நேராக வரவழைப்பதுதான் இவற்றின் முதல் வேலையாகிவிட்டது.

செயலியில் விலை குறைவாகத் தெரிந்தால் அங்கே பதிவு செய்வதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. மாரியட்டும் ஹில்டனும் சிறந்த விலைக்கு உறுதி தருகின்றன. அவர்களிடம் நேராகப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அதே நாள், அதே வகை அறை, அதே ரத்து விதிகளோடு பொதுவில் மலிவான விலை இருப்பதைக் காட்டினால், அந்த விலைக்கு இறக்கி அதிலிருந்து மேலும் 25 சதவீதம் கழித்துக் கொள்ளலாம். நிபந்தனை ஒவ்வொன்றும் பொருந்த வேண்டும் என்பதால் அந்த விலையைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: உறுப்பினர் விலையில் சில நூறு ரூபாய்தான் குறைகிறது. அதற்காக மெனக்கெட வேண்டுமா? புள்ளியைச் செலவிடுவதா, பணம் கட்டுவதா என்பதையும் எப்படி முடிவு செய்வது? – வாசகர், அண்ணா நகர்

பதில்: சில நூறு ரூபாய் சில சமயம் ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடும், காரணம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் வரி. 7,900 ரூபாய் அறைக்கு வரியோடு 9,322 ரூபாய் ஆகும். அதே அறை உறுப்பினர் விலையில் 7,400 ரூபாய்க்குக் கிடைத்தால் வரியோடு 7,770 ரூபாய்தான். 500 ரூபாய்த் தள்ளுபடி 1,552 ரூபாய் மிச்சமாகிறது. வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இந்த எல்லையை ஒட்டி விலை வைத்திருக்கும் அறைகளைத் தேடும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள். ஆனால் வாடகை 12,000 ரூபாய் என்றால் இந்த வித்தை பலிக்காது.

புள்ளியா பணமா என்பதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும். 8,000 ரூபாய் அறைக்கு வரியோடு 9,440 ரூபாய் ஆகிறது, அதே இரவுக்கு 16,000 புள்ளிகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு 59 காசு கிடைக்கிறது. இன்னொரு நாள் அதே 16,000 புள்ளிக்கு 40 காசுதான் தேறுகிறது என்றால் அன்று பணத்தைக் கட்டிவிட்டுப் புள்ளியைக் காப்பாற்றுங்கள். மாரியட் 2022 மார்ச்சில் ஓர் இரவுக்கு இத்தனை புள்ளி என்ற நிலையான பட்டியலைக் கைவிட்டதால், மார்கழிக் கச்சேரி நாட்களில் ரூபாய் விலை ஏறும்போது புள்ளி விலையும் சேர்ந்தே ஏறக்கூடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். டாலருக்கு 10 புள்ளி தரும் திட்டத்தில், எளிமைக்காக டாலரை 80 ரூபாய் என்று கொண்டால், 8,000 ரூபாய்க்கு 1,000 புள்ளி சேரும். மேலே கண்ட விலையில் அதன் மதிப்பு 590 ரூபாய். ஏறத்தாழ 7 சதவீதம்தான். அலுவலகச் செலவில் மாதந்தோறும் பயணம் செய்பவருக்கு அது கணிசமாகச் சேரும். ஆண்டுக்கு இரண்டு இரவு தங்கும் குடும்பம் இதற்காக 1,500 ரூபாய் கூடுதலான அறையைத் தேர்ந்தெடுப்பது நட்டம்.

கேள்வி: ஆண்டுச் சந்தா கட்டினால் ஓர் இரவு இலவசம், உணவில் பாதித் தள்ளுபடி என்று தொலைபேசியில் அழைக்கிறார்கள். நம்பலாமா? – வாசகி, ஆழ்வார்பேட்டை

பதில்: இலவசமாகச் சேரும் புள்ளித் திட்டம் வேறு, சந்தா கட்டிச் சேரும் உணவுத் தள்ளுபடித் திட்டம் வேறு. இரண்டாவதும் முறையானதாக இருக்கலாம். வாரந்தோறும் அதே ஹோட்டலில் சாப்பிடுபவருக்கு அது கட்டுப்படியாகவும் செய்யும். இலவச இரவுக் கூப்பன் எந்தெந்த நாட்களில் செல்லாது, தள்ளுபடி எத்தனை பேருக்கு எவ்வளவு என்பவற்றை மின்னஞ்சலில் எழுதி வாங்கிப் படித்துவிட்டு, ஹோட்டலுக்கு நேரில் சென்று பணம் கட்டுங்கள். அழைப்பில் கார்டு எண்ணையோ ஓடிபியையோ கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும், சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம்.

கேள்வி: டிடிகே சாலை கிரவுன் பிளாசாவில் தங்கிச் சேர்த்த புள்ளிகள் என் கணக்கில் இருந்தன. ஹோட்டலே மூடப்பட்டுவிட்டதே, அவை போய்விட்டனவா? – வாசகர், மந்தைவெளி

பதில்: கட்டடம் மூடப்பட்டதால் போகவில்லை. அடையாறு கேட், பார்க் ஷெரட்டன் என்று பல பெயர்களில் சென்னைவாசிகள் அறிந்திருந்த அந்த ஹோட்டல் 2015-இல் கிரவுன் பிளாசாவாகி, 2023 டிசம்பரில் மூடப்பட்டது. புள்ளிக் கணக்கை வைத்திருப்பதோ, கிரவுன் பிளாசா, ஹாலிடே இன் ஆகிய பெயர்களுக்கு உரிய ஐஎச்ஜி குழுமம். ஆனால் அத்திட்டத்தின் அடிப்படை நிலை உறுப்பினருக்கு, கணக்கில் 12 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். மாரியட்டில் இது 24 மாதம். இடையில் வேறெங்கேனும் ஐஎச்ஜி ஹோட்டலில் தங்கியிருந்தால் புள்ளிகள் பத்திரமாக இருக்கும். கணக்கைத் திறந்து பாருங்கள். மீதமிருந்தால் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஹாலிடே இன்னிலும் அவற்றைப் பயன்படுத்தலாம்.