ஓடையில் விழும் சருகை அள்ளத்தான் வேண்டுமா?

கேள்வி: தாண்டிக்குடி அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நடுவே செல்லும் ஓடையில் தை மாதத்திலிருந்து நிழல் மரங்களின் சருகு விழுந்து, தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கக் கட்டிய சிறு தடுப்பணையில் அடியில் கருஞ்சேறும் நாற்றமும், மேலே எண்ணெய் போன்ற படலமும் இருக்கின்றன. பொக்லைன் வைத்து ஓடையைச் சுத்தம் செய்து, நுண்ணுயிர்த் திரவம் ஊற்றினால் சரியாகும் என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஓடுகிற நீரில் கிடக்கும் சருகு குப்பை அன்று. அது அந்த ஓடையின் சாப்பாடு. மரநிழல் மூடிய மலை ஓடையில் வெயில் படாததால் பாசி அதிகம் வளராது. ஆகவே அங்கே வாழும் பூச்சி, நத்தை, நண்டு, அவற்றைத் தின்னும் மீன் என எல்லாவற்றுக்கும் முதல் ஆதாரம் மேலிருந்து விழும் இலைதான்.

இலை தண்ணீரில் விழுந்த ஓரிரு நாட்களிலேயே அதிலுள்ள சர்க்கரையும் துவர்ப்புப் பொருள்களும் கரைந்து வெளியேறுகின்றன. சில இலைகள் இப்படியே எடையில் கால் பங்கு வரை இழந்துவிடும். நீங்கள் காணும் தேநீர் நிறம் இதுதான், தேயிலை சாயம் இறங்குவதைப் போன்றதே. அடுத்து வருவது பூஞ்சை. 1942இல் இங்கோல்ட் என்ற இங்கிலாந்து அறிவியலாளர், ஓடையில் கிடந்த இலைகளில் நீருக்கென்றே அமைந்த பூஞ்சைகளைக் கண்டு விவரித்தார். அவற்றில் பலவற்றின் வித்துகள் நான்கு கைகளை விரித்த வடிவம் கொண்டவை. ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் நங்கூரம் போல இலையைப் பற்றிக்கொள்ள அந்த வடிவம் உதவுகிறது. பூஞ்சை இலைக்குள் புகுந்து அதை மென்மையாக்குவதோடு, நீரிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. மக்கும் இலையில் புரதம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்பதையும், அதற்கு முக்கியக் காரணம் பூஞ்சையே என்பதையும் கௌஷிக், ஹைன்ஸ் இருவரும் கனடாவில் செய்த ஆய்வில் 1971இல் காட்டினார்கள். பூச்சிகள் புதிய இலையைத் தொடாமல், பூஞ்சை ஏறிய இலையையே தேடித் தின்பது இதனால்தான்.

நாளைக் காலையில் ஓடையில் இறங்கி, கற்களுக்கிடையே நீர் சலசலத்து ஓடும் இடத்தில் சிக்கியிருக்கும் ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். வழவழப்பாக இருக்கும், சதை போய் நரம்பு மட்டும் வலையாக நிற்கும், மோந்தால் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். வட்டமாக வெட்டிய இரண்டு இலைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்வதும் கண்ணில் படலாம். உள்ளே ஒரு புழு தன் வீட்டைச் சுமந்துகொண்டு போகிறது. இவையெல்லாம் இருந்தால் உங்கள் ஓடை நலமாகவே இருக்கிறது. கல்யாண முருங்கை இலை சில வாரங்களில் கரைந்துவிடும். சில்வர் ஓக் இலை தடிப்பானது, மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டையும் ஓடையே பார்த்துக்கொள்ளும்.

தேங்கிய நீர் மட்டும் இதற்கு விலக்கு. உங்கள் தடுப்பணை அந்த வகையில் சேர்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடும் நீர் கற்களில் மோதிக் காற்றைக் கலந்துகொள்ளும். தேங்கிய நீரால் அது முடியாது. அங்கே சருகு குவிந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்; பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அழுகிய முட்டை நாற்றமும் கருஞ்சேறும் அவற்றின் வேலை. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றுப் படுகையில் 2010-11 வெள்ளம் கரையோரக் காடுகளின் சருகை ஒரேயடியாக வாரிக்கொண்டு வந்தபோது, நீர் கருத்து, ஆக்சிஜன் அற்று, மீன்கள் செத்து மிதந்தன. எனவே தடுப்பணைக்குள் குவிந்த சருகை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை கைவாரியால் மேலாக இழுத்தெடுங்கள். எடுத்ததைக் கரையிலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வரும். காப்பிச் செடியின் தூரில் மூடாக்காகப் போடுங்கள். அணைக்கு மேலும் கீழும் ஓடும் பகுதியில் ஒரு சருகைக்கூடத் தொட வேண்டாம்.

மேலே மிதக்கும் படலத்தை ஒரு குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லாக உடைந்து பிரிந்து நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம், அஞ்ச வேண்டியதில்லை. உடைந்த உடனே மறுபடி கூடிக்கொண்டால் அது எண்ணெய், தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருந்தால் அதில் கசிவு உண்டா என்று பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். தை மாதம் காப்பிப் பழம் பறித்துத் தோல் நீக்கும் காலம். உங்களுக்கு மேலே யாருடைய பல்ப்பர், அதாவது பழத்தோல் நீக்கும் இயந்திரம், ஓடுகிறது? கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிநீர் எடுக்கத் தகுந்த ஓடையில், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவு (நீரிலுள்ள கழிவை மக்கச் செய்ய நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. பல்ப்பர் கழிவுநீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். நாற்றம் என்று புகார் போனால், வருகிறவர்கள் சருகைக் காட்டி 'இயற்கையான காரணம்' என்று எழுதிவிட்டுப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சருகின் மேல் பழி போட்டால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எந்தத் தோட்டத்துக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை. தூர்வாருவதற்குக் கன மீட்டர் கணக்கில் பில் போட வழி இருக்கிறது. ஓடையோரமாக ஒரு கிலோமீட்டர் மேலே நடந்து பார்ப்பதற்குத்தான் எவருக்கும் நேரமில்லை. நீங்களாவது நடந்து பாருங்கள்.

விலை சொன்னவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இத்தகைய திரவங்கள் பெரும்பாலும் வெல்லப்பாகில் வளர்த்தவை. ஆக்சிஜன் இல்லாமல் திணறும் நீரில் அதை ஊற்றினால் சர்க்கரையும் சேர்ந்து திணறலைக் கூட்டும். தேவையான நுண்ணுயிர்கள் ஏற்கெனவே உங்கள் சருகின் மேல் இருக்கின்றன, அதுவும் இலவசமாக. சிலர் இரண்டு கம்பிகளைத் தம்ளரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, நீர் பழுப்பாகத் திரள்வதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு கரைந்து உண்டாகும் துரு. ஒப்பிட்டுக் காட்ட அவர்கள் கொண்டுவரும் நீர் உப்பு நீக்கியது; அதில் மின்சாரம் சரியாகப் பாயாததால்தான் அது தெளிவாகவே இருக்கிறது. பொக்லைன் இறங்கினாலோ, கற்கள் புரண்டு, கரையின் வேர்ப்பிடிப்பு அறுந்து, ஐப்பசி மழையில் உங்கள் நிலமே ஓடையோடு போகும்.

வீட்டுத் தண்ணீரில் ஒரு கவனம் தேவை. தேநீர் நிற நீரில் நேரடியாக ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள். கரைந்த இலைச்சத்தோடு குளோரின் சேர்ந்து வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். முதலில் மணல், கரி வழியே வடிகட்டி, குடிப்பதற்குக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதானால், பல்ப்பர் ஓடும் நாளில் அந்தத் தோட்டத்துக்கு மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியுமாக எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.