யூகலேலே வாத்தியாரை எப்படிச் சோதிப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "9 வயது மகளுக்கு அவள் மாமா யூகலேலே (சின்னக் கிட்டார் போன்ற வாத்தியம்) வாங்கித் தந்தார். பக்கத்து இசை வகுப்பில், 'முதல்ல ஒரு வருஷம் கிட்டார் படிக்கட்டும், இது தானா வந்துடும்' என்று வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?"

சேர்க்காதீர்கள் அம்மா. யூகலேலேவுக்குக் கிட்டார் முன்படிப்பு அல்ல. இதில் நான்கே நைலான் தந்தி. ஸி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க ஒரு விரல் போதும். கிட்டாரின் இரும்புத் தந்தி பிஞ்சு விரலை அறுத்தால் ஒரே மாதத்தில் ஆசை விட்டுப்போகும்.

வாத்தியத்தைக் கொண்டுபோய் ஆசிரியரிடமே கொடுத்துச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். நான்கு தந்திகளின் சுர வரிசை ஜி, ஸி, ஈ, ஏ. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜி தந்தி, அடுத்துள்ள ஸியைவிட உயர்ந்து ஒலிக்க வேண்டும். கிட்டார் பழக்கத்தில் அதைக் கீழே இறக்கி, தந்தி தொளதொளவென்று நின்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாமா தந்தது பாரிட்டோன் என்ற பெரிய வகை யூகலேலே என்றால் அதன் சுருதி டி, ஜி, பி, ஈ. கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகள் அப்படியே. அதற்குக் கிட்டார் ஆசிரியரே போதும். ஆனால் மொத்த நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். சோப்ரானோ சுமார் 21 அங்குலம், கன்சர்ட் 23, டெனர் 26, பாரிட்டோன் 30. பிள்ளைகளுக்குப் பரிசாக வருவது பெரும்பாலும் முதல் இரண்டுதான். டெனரைப் பார்த்து "பெரிசா இருக்கே, பாரிட்டோன்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைக்காரர் சிபாரிசு செய்யும் ஆசிரியரிடம் இன்னும் கவனம் வேண்டும். புதுத் தந்தி முதல் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கும். அது பழுதே அல்ல. அதையே காட்டி, "இது மட்டம், நம்ம கடையில வேற எடுங்க" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெற்றோர் என்னிடம் வந்திருக்கிறார்கள். கமிஷன் யாருக்குப் போகிறது என்று சொல்லவும் வேண்டுமா? இங்கே யாரும் பலகை மாட்டி வகுப்பு நடத்தலாம், கேட்பாரில்லை. பள்ளியில் பாட்டு வகுப்பையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். பெற்றோர் வேறு எங்கேதான் போவார்கள்?

கட்டணத்தை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள். கடலூரில் கிடைக்காவிட்டால் வாரம் ஒருநாள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாலும் நஷ்டமில்லை. எங்கே போனாலும் ஒரு வகுப்பில் கூடவே உட்காருங்கள். அரை மணி நேரத்தில் மகள் எத்தனை நிமிடம் வாசித்தாள் என்று எண்ணுங்கள். ஐந்து நிமிடம்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.