சிவப்பு மைக்காகப் படிப்பை மாற்ற வேண்டாம்

கேள்வி: என் மகள் சேலத்தில் ஒரு கல்லூரியில் இதழியல், மக்கள் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு அவளுக்குத்தான். இப்போது தொழில்முறை எழுத்து என்று ஒரு தாள் வந்திருக்கிறது. எழுதிக் கொடுப்பதெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. ராத்திரி உட்கார்ந்து அழுகிறாள். எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பேசாமல் பி.காம். மாற்றிவிடலாமா? எழுதிச் சம்பாதிக்க முடியுமா?

ஐயா,

மாற்ற வேண்டாம். இரண்டாம் ஆண்டில் பாடம் மாறினால் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டிவரும், கட்டிய பணமும் போகும். ஆனால் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் அது இல்லை. தாள் முழுக்கச் சிவப்பாக வருகிறது என்றால், அந்தத் துறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார். ஓரத்தில் ஒரு டிக் மட்டும் போட்டுத் திரும்பி வரும் தாளுக்குத்தான் பெற்றோர் கவலைப்பட வேண்டும்.

பள்ளியில் பாப்பா வாங்கிய பரிசு பொய்யில்லை. அது வேறு வேலை, அவ்வளவுதான். பள்ளிக் கட்டுரையைப் படிப்பவர் ஆசிரியர். முன்னுரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்தாக வேண்டியது அவர் கடமை. வேலையில் எழுதுவதைப் படிப்பவருக்கு அந்தக் கடமை கிடையாது. பழைய பேருந்து நிலையத்தில் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நிற்பவர் அவர். அவருக்கு வேண்டியது இரண்டாவது வரிக்குள் வரவில்லை என்றால் போனைப் பைக்குள் போட்டுவிடுவார். பத்து வருடம் பக்கம் நிரப்பிப் பழகிய கைக்கு இந்த மாற்றம் வலிக்கத்தான் செய்யும். இரண்டு பருவமாவது ஆகும்.

இதைப் பழக உங்கள் பட்டறையைவிட நல்ல இடம் கிடைக்காது. கொலுசு தயாரானதும் வாடிக்கையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பழக்கத்தில் எழுதினால் இப்படி வரும்: "தாங்கள் ஆர்டர் செய்த கொலுசு தயாராக உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70-தான். அதிலும் கணினி நம்மைப் போல எண்ணாது. "கொலுசு" நமக்கு மூன்று எழுத்து. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஆறு. மேலே உள்ள வாக்கியம் அந்தக் கணக்கில் 87. அதாவது இரண்டு செய்தியாகப் போகும், இரண்டுக்கும் காசு பிடிப்பார்கள். இவ்வளவு செலவழித்தும் பில் எண் இல்லை, எப்போது வரலாம் என்பது இல்லை.

சுருக்கினால்: "கொலுசு தயார். எண் 214. நாளை மாலை 6-க்குள் வாங்கிக்கொள்ளவும்." இது 60. கடைப் பெயருக்கு இன்னும் 10 இடம் மிச்சம். ஆனாலும் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. செய்தியை மறுநாள் காலையில் திறப்பவருக்கு "நாளை" என்பது தப்பான நாள். தேதி போட்டுத் திருத்தினால்: "கொலுசு தயார். எண் 214. மே 12 மாலை 6-க்குள் பெறவும்." 51-தான் ஆகிறது. கூடுதல் தகவல், குறைந்த இடம். கடைகள் மொத்தமாக அனுப்பும் செய்திக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வாசகத்தை முன்கூட்டியே டி.எல்.டி. என்ற, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். பில் எண், தேதி போல மாறும் இடங்களைத் தனிக் குறியால் காட்ட வேண்டும். பதிந்த வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பினாலும் செய்தி போய்ச் சேராது. இந்த மூன்று வரியை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு மருத்துவமனை, வங்கி, ஜவுளிக்கடை எல்லாவற்றிலும் வேலை இருக்கிறது.

அடுத்து, கொலுசோடு வைத்துக் கொடுக்க ஒரு பராமரிப்பு அட்டை எழுதச் சொல்லுங்கள். வெள்ளி கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களால். அந்தக் காரணத்தை அரை வரியில் சொன்னால், காற்றுப் புகாத உறையில் ஏன் வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும். ஒரு படியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். எச்சரிக்கை செயலுக்கு முன்னால் வர வேண்டும். "வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கவும். கல் ஒட்டிய கொலுசை ஊறவைக்கக் கூடாது" என்று எழுதினால், இரண்டாவது வரியைப் படிக்கும்போது கொலுசு தண்ணீருக்குள் போயிருக்கும், கல் பெயர்ந்திருக்கும். எழுதி முடித்ததும் விஷயம் தெரியாத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, மகள் வாயே திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே வாக்கியம் கோணல். கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் கையேடு எழுதுகிற தொழில்நுட்ப எழுத்தாளர் செய்வதும் இதேதான், அளவுதான் பெரிது.

கல்லூரியில் அதிகம் அடி வாங்குவது பத்திரிகைச் செய்திக் குறிப்பாகத்தான் இருக்கும். ஏற்காடு கோடை விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். "ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் ஏற்காட்டில்" என்று தொடங்காத மாணவர் அபூர்வம். சேலத்துப் பத்திரிகை வாசகருக்கு அது தெரியாதா என்ன? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மலர்க் கண்காட்சி எங்கே, எத்தனை மணிக்கு, கூடுதல் பேருந்து எங்கிருந்து என்பவை முதல் பத்தியில், 35 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். விவரங்கள் அடுத்து. அதிகாரியோ நிறுவனத் தலைவரோ சொன்னது மூன்றாவதாக. நிறுவனத்தைப் பற்றிய நான்கு வரி கடைசியில். இந்த வரிசைக்குக் காரணம், பக்கத்தில் இடம் போதாதபோது செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தால் முதலில் போவது அதுதான். மொத்தம் ஒரு பக்கம், 300 சொல் போதும். தொடர்புக்குத் தரும் எண் உண்மையிலேயே எடுக்கும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். படத்தை வேர்டு கோப்புக்குள் ஒட்டாமல் தனியாக இணைத்து, இடமிருந்து வலம் யார் யார் என்று எழுத வேண்டும். மாவட்டப் பக்கங்கள் மாலையிலேயே முடியத் தொடங்கும் என்பதால் மதியம் 3 மணிக்குள் அனுப்புவது நல்லது.

இதில் பெரிய தவறு, சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதுவது. தலைவர் "பெருமிதம் கொள்கிறேன் என்றார்" என்று மாணவர்களே இட்டு நிரப்பிவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் கேட்காமலே இதைச் செய்கின்றன, தேதியையும் சேர்த்து. பேசியவரிடம் காட்டி ஒப்புதல் வாங்காத மேற்கோள் ஒன்று அச்சாகிவிட்டால், எழுதியவர் வேலைக்கே ஆபத்து. பெயர், முன்னெழுத்து, பதவி, தொகை, தேதி ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்துப் பேனாவால் ஒரு குறி போட்டபிறகே அனுப்பப் பழக்குங்கள்.

ஏற்காட்டு மலைப்பாதை அறிவிப்பு இன்னும் கடினமான பயிற்சி. ஏற அடிவாரம் வழி, இறங்க குப்பனூர் வழி என்று ஒருவழியாக்கினால் அதை ஒரே வரியில் அறிவித்துவிடலாம் என்று தோன்றும். மலைக்கிராமத்தில் இருப்பவருக்கு? இருசக்கர வண்டிக்கு? அரசுப் பேருந்துக்கு, ஆம்புலன்சுக்கு? எத்தனை மணி வரை? மண் சரிவு என்றால் "மலைப்பாதையில்" என்பது தகவலே இல்லை. சேலம் பக்கத்துப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எத்தனையாவது வளைவு என்று சொன்னால்தான் வண்டியை எடுப்பவர் முடிவெடுக்க முடியும். எழுதும் முன் படிப்பவரின் கேள்விகளை ஏழெட்டாவது பட்டியல் போட வேண்டும். எழுதியபின் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவும் இதே வகைப் பயிற்சிதான். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. எந்தத் தெரு, எந்த நிதியாண்டு, ஒதுக்கிய தொகை, பணி ஆணையின் நகல் என்று கேட்க வேண்டும். மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்; அதற்குள் எழுத்தின் தரம் தெரிந்துவிடும்.

சரி, அந்தச் சிவப்பு மை. ஐந்து தாள்களை எடுத்து, திருத்தங்களை நான்காகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: தகவல், வரிசை, வாக்கியம், எழுத்துப்பிழை. எது அதிகமோ அதை மட்டும் இரண்டு வாரம் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போய்த்தான் அழுகை வருகிறது. ஒரு தாளைத் திருத்தும்போது பலரும் எழுத்துப்பிழையில் தொடங்குவார்கள்; வெட்டியெறியப் போகிற பத்திக்கு ஒற்று போட்டு என்ன பயன்? முதலில் வரிசை, பிறகு தகவல், பிறகு வாக்கியம், கடைசியில் ஒற்று. அந்த ஒற்றிலும் மூன்றைச் சரிசெய்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்: "ஐ" உருபுக்குப் பின்னும் "கு" உருபுக்குப் பின்னும் வல்லினம் மிகும், வந்து, செய்து போன்றவற்றுக்குப் பின் மிகாது. வாக்கியத்துக்கு ஒரு வழி, 400 சொல்லில் எழுதியதைத் தகவல் எதுவும் விடாமல் 300 ஆக்குவது. பற்றவைக்கும் பொடி கூடினால் கொலுசின் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "என்பது குறிப்பிடத்தக்கது", "என்பதில் மாற்றுக் கருத்து இல்லை" எல்லாம் அந்தப் பொடிதான்.

தமிழ்த் தட்டச்சு போனில் மட்டும் தெரிந்தால் போதாது. தமிழ்99 விசைப்பலகையை தினம் 20 நிமிடம் பழகட்டும். அதில் "கக" என்று தட்டினால் "க்க" என்று புள்ளி தானே விழும், வேகம் சீக்கிரம் வந்துவிடும். அச்சகங்களில் யூனிகோடு (இணையத்திலும் போனிலும் இப்போது புழங்கும் எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. யூனிகோடில் எழுதியதை அவற்றுக்கு மாற்றும்போது கொ, கோ, ஸ்ரீ, மேற்கோள் குறிகள் உடையும். அதனால் கோப்போடு பி.டி.எஃப். ஒன்றும் அனுப்பி, அச்சுக்கு முன் மெய்ப்பை (பிழை பார்க்கும் மாதிரிப் படியை) வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே செய்தியை இரு மொழியிலும் தனித்தனியாக யோசித்து எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. சேலத்துப் பிள்ளைக்கு அதுதான் கையிருப்பு.

சம்பாதிப்பது பற்றி. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். உதவி அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்தியிருக்கிறது. மருத்துவமனை, கல்லூரி, தொழிற்சாலைகளில் மக்கள் தொடர்பு, ஊழியர் தகவல் தொடர்பு வேலைகள் உண்டு. தொழில்நுட்ப எழுத்து வேலைகள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூரில். மேற்படிப்புக்குக் கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது. வெளியே போக விருப்பம் என்றால் 1965-இல் தொடங்கிய டெல்லி இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம். சொல்லுக்கு இத்தனை பைசா என்று நாளைக்கு ஐந்து கட்டுரை கேட்கும் இடங்களுக்கு அனுப்பாதீர்கள், கை கெட்டுவிடும். பயிற்சிக்கு முன்பணம் கேட்டால் அது வேலையே இல்லை.

நேர்முகத்தில் சான்றிதழைவிட முதலில் கேட்பது எழுதியவற்றைத்தான். ஆறு போதும்: ஒரு செய்திக் குறிப்பு, ஒரு பராமரிப்பு அட்டை, ஒரு குறுஞ்செய்தித் தொகுப்பு, ஒரு அறிவிப்பு, ஒரு கூட்டக் குறிப்பு, ஒரு மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று வரி: யாருக்காக, என்ன சிக்கல், எதை மாற்றினாள். திருத்துவதற்கு முன் இருந்த வடிவத்தையும் பக்கத்திலேயே வைக்கட்டும். அந்தச் சிவப்புத் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்த வாரம் பில் புத்தகத்தையும், வாடிக்கையாளர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்கும் பத்துக் கேள்விகளையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். எழுதித் தருவதற்குச் சின்னதாக ஒரு கூலியும் பேசிவிடுங்கள், ஐயா.