தூர்வாரிய வண்டலை வயலில் அடிக்கலாமா?

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தின் பாசனச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதன் சாரம் இது: "எங்கள் ஏரியில் மூன்றடி சேறு கிடக்கிறது. வருகிற கோடையில் தூர்வாரி, வண்டலை வயலுக்கு அடிக்கலாம் என்று இருக்கிறோம். ஆனால் அடைமழைக் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து வாய்க்காலில் ஏறி ஏரிக்குள் வந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் தொழிற்பேட்டை இருப்பதால் சிலர் பயப்படுகிறார்கள். ஏரித் தண்ணீரைச் சோதித்ததில் ஈயம், காட்மியம் எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. அப்படியானால் சேறும் நல்லதுதானே?"

அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் ரிப்போர்ட்டை வைத்துச் சேற்றைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஈயம், குரோமியம், தாமிரம் போன்றவை தண்ணீரில் கரைந்தபடி நெடுநேரம் இருப்பதில்லை. களிமண் துகளிலும் அதன்மேல் படியும் இரும்புத் துருவிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு, ஓட்டம் எங்கே தளர்கிறதோ அங்கே அடியில் படிந்துவிடும். நீங்கள் பாட்டிலில் பிடித்தது அன்றைய தண்ணீர். ஏரியின் மூன்றடிச் சேறோ பல வருஷ மழைகள் கொண்டுவந்து சேர்த்தது. சிப்காட் என்கிற அந்தத் தொழிற்பேட்டை வந்தது 1980களில். அதற்கு முந்திய மண்ணும் பிந்திய மண்ணும் அந்தச் சேற்றில் அடுக்கடுக்காக இருக்கலாம். அது உங்களுக்கு வசதிதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேப்பர் மலைச் செம்மண் மழையில் கரைந்து காவி நிறத்தில் ஓடிவருவதைப் பார்த்து ஆலைக் கழிவு என்று பதறுகிறவர்கள் உண்டு. அது மண்ணரிப்பு. அதையும் தடுக்கத்தான் வேண்டும், ஆனால் அந்தச் சிவப்பு இரும்பினால் வருவது, நம் மண்ணின் இயல்பு. என் கவலையெல்லாம் கருப்புச் சேற்றைப் பற்றித்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் உப்பனாற்று ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கத்தியால் சேற்றைக் கீறிப் பாருங்கள். மேலே நகக்கனத்துக்குப் பழுப்புத் தோல், அதற்குக் கீழே கண்மை மாதிரி கருகரு என்று இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் படாத இடத்தில் கந்தகம் சல்ஃபைடாக மாறி உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரமாக அடியில் கிடக்கும்வரை அது பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். தோண்டி வெயிலில் பரப்பினால் கந்தகம் காற்றோடு சேர்ந்து அமிலமாகும், பிடித்து வைத்திருந்த உலோகத்தை விட்டுவிடும். ஆற்றில் சாதுவாக இருந்த சேறு வயலுக்கு வந்தபின் நஞ்சாவது இப்படித்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கருப்புச் சேற்றை விரல் கனத்துக்கு அடைபோலத் தட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் லேசாக மூடி, காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்து எட்டு வாரம் வையுங்கள். முதல் நாளும் பிறகு வாரம் ஒருமுறையும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளால் பாருங்கள். 7-ஐ ஒட்டி இருந்தது 4-க்குக் கீழே இறங்கினால் அந்தச் சேறு வயலுக்கு ஆகாது. கோடையில் தூர்வார வேண்டுமென்றால் இதை மாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

சரி, உலோகத்துக்கு வருவோம். மண் பரிசோதனை நிலையத்தில் தரும் மண்வள அட்டை இதற்கு உதவாது. தழை, மணி, சாம்பல் சத்துகளோடு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு எல்லாம் அதில் வரும், ஆனால் ஈயமும் காட்மியமும் வராது. அந்தத் துத்தநாக எண்ணும் பயிருக்குக் கிடைக்கும் பங்குதான், மண்ணில் உள்ள மொத்தம் அல்ல. அதனால் என்.ஏ.பி.எல். என்கிற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பேசிப் பார்த்தால் வழி சொல்வார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. ஒரு ஊரில் மண்வெட்டியால் வெட்டி, பழைய உர மூட்டையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதில் வந்த எண்கள் சேற்றுடையவையா, இரும்பும் மூட்டையும் விட்டவையா என்று பிரிக்கவே முடியவில்லை. செலவும் உழைப்பும் வீண். பிளாஸ்டிக் கரண்டி, புது ஜிப் கவர், பென்சிலால் எழுதிய சீட்டு, இவ்வளவு போதும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மேல் 5 சென்டிமீட்டரை மட்டும், நாலைந்து அடி தள்ளித் தள்ளி ஐந்து தடவை எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஏறும் வாயில் ஒன்று, வாய்க்கால் வளைவில் மெல்லிய சேறு படியும் இடத்தில் ஒன்று, ஏரிக்குள் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்று, ஏரி நடுவில் ஒன்று, ஆற்றுத் தண்ணீர் எட்டவே எட்டாத மேட்டுப் பக்கத்தில் ஒன்று. கடைசியாக, ஏரி நடுவிலேயே மூன்றடிச் சேற்றுக்கும் கீழே உள்ள பழைய மண்ணில் ஒன்று. இந்த ஆறாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் மண்ணில் இயல்பாக எவ்வளவு உலோகம் இருந்தது என்பதை அதுதான் காட்டும். அடுக்குச் சேறு வசதி என்றது இதற்காகத்தான்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். சேற்றை 63 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நைலான் சல்லடையில் சலித்துச் சோதிக்க வேண்டும், உலோகங்களோடு அலுமினியத்தையும் அளக்க வேண்டும். அலுமினியம் களிமண்ணிலேயே இருக்கும் பொருள். மாதிரியில் எவ்வளவு களி, எவ்வளவு மணல் என்று அது காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, ஆழத்து மண்ணில் துத்தநாகம் கிலோவுக்கு 90 மில்லிகிராம், அலுமினியம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 15. சலிக்காத மேல் மாதிரி ஒன்றில் துத்தநாகம் 60-தான், அலுமினியம் 1.5 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் மேல்மண் சுத்தம் என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால் 40, ஆழத்தைப்போல 2.7 மடங்கு. மணல் கலந்ததால் எண் இறங்கியிருக்கிறது, அழுக்கு அப்படியே இருக்கிறது. 2 மடங்குக்குள் இருந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் என்று விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் வெளியிலிருந்து ஏதோ சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இருந்தால் வயலுக்கு ஆகும்? நகரக் குப்பையில் செய்யும் கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு உண்டு: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100. இதை அப்படியே வண்டலுக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கம்போஸ்ட் ஏக்கருக்கு இரண்டு டன் போடுவோம். வண்டல் நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர்வரை, அதாவது 25 டிராக்டர் லோடு எடுக்க அனுமதி தருகிறார்கள். ஏறக்குறைய 90 டன், வயல் முழுக்கப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம். காட்மியம் வரம்பைத் தொடும் கம்போஸ்ட் இரண்டு டன் போட்டால் ஏக்கருக்கு 10 கிராம் சேரும். கிலோவுக்கு வெறும் 1 மில்லிகிராம் உள்ள வண்டலை அடித்தால் 90 கிராம். அதனால் காட்மியம் 1-ஐத் தொட்டாலே நான் வயலுக்கு வேண்டாம் என்பேன். கீரைக்கும் நெல்லுக்கும் கண்டிப்பாக வேண்டாம். காட்மியம் பயிரில் சுலபமாக ஏறும், அதிலும் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் காய்ந்தால் நெல்மணிக்குள் போய்விடும்.

ஆகாது என்று வந்துவிட்ட சேற்றை ஏரிக்கரைமேல் கொட்டி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே வந்துவிடும். அடிக்கு அடி மாதிரி எடுத்துச் சோதித்து, உலோகம் மேல் ஓரடியில் மட்டும் என்று தெரிந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து, தார்ப்பாய் விரித்து மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ரிப்போர்ட்டோடு எழுத்தில் தெரிவியுங்கள். கீழே உள்ள நல்ல வண்டலை அப்புறம் தாராளமாக அடிக்கலாம்.

இனி வருவதைக் குறைக்க என்ன செய்வது? வாய்க்கால் வாயில் ஒரு ஷட்டர்தான் முதல் வேலை. வடகிழக்குப் பருவத்தின் முதல் நாலைந்து மழைதான் எட்டு மாதத் தூசியையும் சேற்றையும் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் ஆற்றோடு போகவிட்டு, தெளிந்த பிறகு திறங்கள். ஏரிக்கு முன்னால் ஒரு வண்டல் குழியும் வேண்டும். ஆனால் அதனால் எவ்வளவு முடியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 20 மைக்ரான் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். 2 மைக்ரான் களிக்கு மூன்று நாள் ஆகும், உலோகமோ இந்தக் களியில்தான் அதிகம். எனவே குழி மட்டும் போதாது, குழியைத் தாண்டிக் கோரையும் சம்பும் அடர்ந்த இடம் இருந்தால் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போகும், களியும் படியும்.

வாய்க்கால் கரைக்கு வெட்டிவேரைச் சொல்வேன். கடலூர்க் கடலோர மணலில் நம்மவர்கள் பயிரிடுவதுதான், நாற்றுக்கு அலைய வேண்டாம். பத்தடி ஆழம்வரை வேர் போகும். வரிசையாக நெருக்கி நட்டால் மண்ணரிப்பை நிறுத்தும், உலோகத்தில் ஒரு பங்கை வேரிலேயே பிடித்து வைக்கும். அதனால்தான் ஒரு எச்சரிக்கை: அந்த வரிசையின் வேரைத் தோண்டி விற்கவோ, பானைத் தண்ணீரில் போடவோ கூடாது. சங்கத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஆறு மாதிரிகளின் எண்களையும் எடுத்த இடங்களின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அலுமினியம் விட்டுப்போயிருந்தால் அனுப்புவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.