பூங்காக்களின் பழுது, பணம் எங்கே?

கேள்வி: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்ட பராமரிப்புப் பணிகளுக்கு நிதி எங்கிருந்து வருகிறது?

பதில்: 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், கூட்டரசு நிலங்களிலும் கடற்பரப்பிலும் கிடைக்கும் எண்ணெய், எரிவாயு முதலிய எரிசக்தி வருவாயில் வேறு செலவுக்கு ஒதுக்கப்படாத தொகையின் பாதியை, ஆண்டுக்கு 190 கோடி டாலருக்கு மிகாமல், 2021 முதல் 2025 வரை இப்பணிகளுக்கென ஒதுக்கியது. அதில் 70 விழுக்காடு தேசியப் பூங்காக்களுக்கு உரியதாக இருந்தது. ஆனால் அவற்றில் நிலுவையிலுள்ள பராமரிப்புப் பணிகளின் செலவோ 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் 1960களில் பதிக்கத் தொடங்கிய குடிநீர்க் குழாய், 2010க்குப் பிறகு மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட முறை உடைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆழ்பள்ளத்தாக்கினுள் இறங்கிப் பழுதுபார்க்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பூங்காக்கள் தம் நுழைவுக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், பெரும்பாலான பூங்காக்களில் கட்டணமே இல்லை. ஆகவே ஐந்தாண்டு நிதி போதாது. வழக்கமான பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்திலேயே போதிய ஒதுக்கீடு வேண்டும்.