அளவுக்கு மீறி யோசிப்பது ஏன் பதற்றத்தில் போய் நிற்கிறது?

எந்நேரமும் எதையாவது போட்டுக் குழப்பிக்கொண்டே இருக்கிறேன், பிறகு படபடப்பு வருகிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்பு உண்டு. "அதிகம் யோசிக்காதே, எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று இதற்குள் பத்துப் பேராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தத் தொல்லை இல்லாதவர்கள் சொல்லும் வைத்தியம் அது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட, முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி கூடுதலாக வந்தது.

எனக்கு இது பழைய பழக்கம். ஒருமுறை முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். ரிப்போர்ட் சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்டர் திங்கட்கிழமைதான் பார்ப்பார். பக்கம் பக்கமாக இருந்த எண்களில் ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: எஸ்.ஜி.பி.டி. 58. கல்லீரல் சம்பந்தப்பட்டது என்று தெரியும். குடிப்பழக்கம் இல்லையே, அப்படியானால் வேறு ஏதோ பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தது மனம். பெரிதாக இருந்தால் வேலைக்குப் போக முடியாது, வீட்டுக் கடன் என்னாவது, பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது. நள்ளிரவு தாண்டி, பீரோவிலிருந்து காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்து முதிர்வுத் தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வலது விலாவுக்குக் கீழே ஏதோ இழுத்துப் பிடிப்பது போலவும் தோன்றியது. மாலை வரை இல்லாத வலி!

நீங்கள் கேட்ட தொடர்பு அந்த வலியில்தான் இருக்கிறது. ஆபத்து என்று மனம் முடிவு கட்டியதும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிறு பிசைகிறது, தசைகள் இறுகுகின்றன. அந்த மாற்றங்களையே மனம் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது: ஒன்றும் இல்லையென்றால் உடம்பு ஏன் இப்படிப் பண்ணுகிறது? மறுபடி யோசனை, மறுபடி படபடப்பு.

தகவல் தெரிந்தால் அடங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஆய்வகங்கள் போடும் இயல்பு எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேரை உள்ளடக்கும்படி வகுக்கப்படுவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். இந்தக் கணக்கு எனக்கு அன்றே தெரியும். தெரிந்து என்ன, "உன்னுடையது நிஜமாகவே நோயாக இருந்தால்?" என்றது மனம். (திங்கட்கிழமை டாக்டர், கொழுப்புப் படிந்திருக்கலாம், எடையைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.)

யோசனை ஏன் விடுவதில்லை என்பதற்கு என் அபிப்பிராயம் இது: அது பொறுப்பு போல வேடம் போடுகிறது. சும்மா இருக்கவில்லை, ஏதோ ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிறைவைத் தருகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதற்றக் கோளாறு உள்ள 29 பேரைத் தங்கள் கவலைகளைக் குறித்து வைக்கச் சொல்லி, அவை நடந்தனவா என்று பின்தொடர்ந்தார்கள். 2020-இல் வெளியான முடிவுப்படி 100-க்கு 91 கவலைகள் நடக்கவே இல்லை. ஆனால் கவலைப்படுகிறவர் மனம் போடும் கணக்கு வேறு. தாயத்து கட்டியதால்தான் பேய் வரவில்லை என்பது போல, நான் கவலைப்பட்டதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக்கொள்கிறது.

எனக்கு அதிகம் உதவியது, யோசனைக்கு நேரம் ஒதுக்கியது. அதே பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக் 1983-இலேயே சோதித்த முறை: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் எது வந்தாலும் "ஆறரை மணிக்கு வா" என்று ஒரு வரி குறித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். கரடியை விரட்டவில்லை, காத்திருக்கச் சொல்கிறோம். என் இடம் மொட்டைமாடி. "மேலாளர் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று காலையில் குறித்தது, மாலையில் படிக்கும்போது பாதி உயிர் போய்க் கிடக்கும். படுக்கையறையில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அரை மணியில் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி: நாளை நான் செய்யக்கூடிய வேலை இதில் ஏதாவது உண்டா? இருந்தால் மணி, இடத்தோடு எழுதிவிடுகிறேன். பேய்லர் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில், தூங்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்பே தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம்.

ஒரே சந்தேகத்தை மனைவியிடம், மைத்துனரிடம், கூகுளிடம் மாறி மாறிக் கேட்பதையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஆறுதலும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். என் மனைவி இப்போது "ஒரு தடவை சொல்லிவிட்டேன், மறுபடி கேட்பதென்றால் டாக்டரிடமே கேளுங்கள்" என்கிறாள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் பலன் இருக்கிறது.

மெதுவாக மூச்சு விடுவது உடலின் படபடப்பைத் தணிக்கும்; யோசனைக்குப் பதில் சொல்லாது. காபி விஷயம் எளிது: காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், மாலைக் காபியை விட்டுப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் இப்படியே போய், தூக்கமும் வேலையும் கெடுகிறதென்றால் இதையெல்லாம் தனியாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அதையும் பார்த்துவிடுவார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். மனநலப் பிரிவுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்குங்கள். ஆனால் "தூக்கம் வரவில்லை" என்பதோடு நிறுத்திவிடாமல், படுத்தபின் என்னென்ன யோசனை ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.